தடித்த ரயர் சைக்கிளுக்கு வீட்டிலேயே மோட்டர் பூட்டுவது: வன்னியிலிருந்து ஒரு வழிகாட்டி

கனடாவிலிருந்து மச்சான் கப்பலில் அனுப்பிய சாமான் பெட்டியோடு ஒரு சைக்கிளும் வந்தது. வளைந்த பார், அகன்ற சீற், நாலு அங்குல ரயர். ஒழுங்கைப் பிள்ளைகள் அதை மோட்டர்சைக்கிள் என்றே நினைத்தார்கள். மிதித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அது பார்க்க மட்டும் அழகு. மார்கழி எதிர்க்காற்றில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அதை மிதிப்பது மாட்டை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. போக 16 கிலோமீற்றர், வர 16. அதனால்தான் மோட்டர் பூட்ட வெளிக்கிட்டேன்.

இரண்டு நாள் வேலை என்று நினைத்தது ஐந்து மாதம் இழுத்தது. பிழையாக ஒரு கிற் (மோட்டர் பூட்டிய சில்லும் சாமான்களும் சேர்ந்த பொதி) வாங்கி 48,000 ரூபா போட்டேன், பிறகு அந்தச் சில்லைப் பாதி விலைக்கு விற்றேன். இப்போது வண்டி ஓடுகிறது. வீதியில் மறித்துக் கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஆள் சொல்லிக் களைத்துவிட்டதால் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு வாங்குங்கள். வாங்கிவிட்டுப் படிக்காதீர்கள்.

1. சல்லிக்காசு செலவழிக்கும் முன் அளவு எடுங்கள்

என் 48,000 போனது இந்த இடத்தில்தான். விற்பனைப் பக்கத்தில் "26 அங்குலம்" என்று இருந்தது. என் ரயரிலும் 26 x 4.0 என்று எழுதியிருந்தது. சரி, பொருந்தும் என்று வாங்கிவிட்டேன். வந்த சில்லைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார அண்ணை பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. வேர்னியர் அளவுகோலை எடுத்து ஒரு பக்கம் முன்சில்லைப் பிடிக்கும் என் போர்க்கையும் மறுபக்கம் புதுச் சில்லின் அச்சையும் அளந்தார். "தம்பி, உது 100. உங்கட சைக்கிள் 135. இடையில ஒரு தீப்பெட்டி நிக்கும்" என்றார். 26 என்பது சில்லின் விட்ட வகைக்குச் சொல்லும் பெயர். அகலம் வேறு கதை.

எடுக்க வேண்டிய அளவுகள் இவை. ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன் போர்க்கில் அச்சு உட்காரும் இரண்டு வாய்களுக்கும் இடையில், உள்பக்கத்து அகலம். சாதாரண சைக்கிளில் 100 மில்லிமீற்றர். தடித்த ரயர் சைக்கிள்களில் பெரும்பாலும் 135, சிலதில் 150.

பின்பக்கத்து அகலம். தடித்த ரயருக்கு 170, 190, 197 என்று பல அளவு உண்டு. என்னுடையது போன்ற கடற்கரைச் சைக்கிள்களில் இவற்றில் எதிலும் அடங்காததும் வரும், ஆகவே ஊகிக்க வேண்டாம்.

அச்சு உட்காரும் வெட்டின் அகலம். முன்பக்கத்தில் அநேகமாக 9 மில்லிமீற்றர். மோட்டர் அச்சின் தட்டைப் பகுதியோ 10. அந்த ஒரு மில்லிமீற்றரை அரத்தால் அராவ வேண்டிவரும்.

பெடல் அச்சு போகும் குழாயின் நீளம். சாதாரணமாக 68 அல்லது 73, தடித்த ரயருக்கு 100 அல்லது 120. நடு மோட்டர் பூட்டுகிறவர்களுக்கு மட்டும் இது தேவை.

கடைசியாக ஒரு காந்தத் துண்டு. போர்க்கில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, நல்லது. ஒட்டாவிட்டால் அலுமினியம். அதில் முன்சில்லு மோட்டர் பூட்ட வேண்டாம். அலுமினியம் வளைந்து காட்டாது, ஒரேயடியாக வெடிக்கும். ஸ்பிரிங் வைத்த போர்க்கும் அப்படியே, தவிருங்கள்.

2. எந்த மோட்டர்

மூன்று வழி இருக்கிறது. பெடல் இருக்கும் இடத்தில் பூட்டும் நடு மோட்டர், பின்சில்லு மோட்டர், முன்சில்லு மோட்டர்.

இந்த வகைச் சைக்கிள்கள் பலதில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்மிதி பிரேக்தான் இருக்கும். அது இருந்தால் நடு மோட்டரை மறந்துவிடுங்கள். அந்த மோட்டர்கள் அநேகமானவற்றில் பெடலைப் பின்னால் சுற்றினால் சும்மா சுற்றும், பிரேக் பிடிக்காது. பெடல் இரண்டும் ஒரே கம்பியில் வளைத்துச் செய்த வகையாக இருந்தால் அதற்கென்று தனி இணைப்பும் வாங்க வேண்டும். பின்சில்லு மோட்டர் போட்டால் சில்லின் நடுவிலுள்ள பழைய ஹப் கழன்றுவிடும், கூடவே இருந்த ஒரே பிரேக்கும் போய்விடும்.

அதனால் நான் முன்சில்லு மோட்டருக்குப் போனேன். பின்பக்கம் கை வைக்கத் தேவையில்லை, பழைய பிரேக் அப்படியே இருக்கும். அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் புதிதாகக் கொட்டிய கிரவலிலும் வேகம் கூட்டும் முறுக்குப் பிடியைத் திடீரென்று முறுக்கினால் முன்சில்லு அந்த இடத்திலேயே சுற்றும். கை வழுக்கினால் விழுத்தியும் விடும். மணலில் முதலில் மிதியுங்கள், அசைந்த பிறகு மெல்ல முறுக்குங்கள்.

பல்சில்லு உள்ளே இருக்கும் வகையையே கேளுங்கள். அது இலேசு, கரண்ட் இல்லாதபோது இழுக்காது. பல்சில்லு இல்லாத நேரடி வகை கூடப் பாரம், பற்றரி முடிந்தால் அதை மிதித்து வீட்டுக்கு வருவது தண்டனை.

என்னுடையது 48 வோல்ற், 500 வாற். எங்கள் நிலம் தட்டை. ஏற்றம் என்றால் குளக்கட்டில் ஏறுவதுதான். 1000 வாற் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்பவர் மிதிக்க விருப்பமில்லாதவர்.

3. சட்டமும் கடதாசியும்

கிற் விற்கிற இடங்களில் "சட்டப்படியானது" என்று எழுதியிருப்பார்கள். எந்த நாட்டுச் சட்டப்படி என்று பாருங்கள். 250 வாற், மணிக்கு 25 கிலோமீற்றர் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. 750 வாற், 32 கிலோமீற்றர் என்பது அமெரிக்காவின் கணக்கு. இரண்டும் எங்கள் வீதிக்கு எழுதியது அல்ல.

ஆகவே பணம் கட்டும் முன், உங்கள் மாவட்டத்து மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். மோட்டரின் வாற், உச்ச வேகம், பெடல் தொடர்ந்து வேலை செய்யுமா, முறுக்குப் பிடி இருக்கிறதா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சைக்கிளின் படத்தோடு கொண்டுபோங்கள். பதிவு வேண்டுமா, சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டுமா, தலைக்கவசம் கட்டாயமா என்று மூன்று கேள்வி. "ஈ-பைக் ஓடலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பதில் சொன்ன திகதியையும் பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் எப்படியிருந்தாலும் தலைக்கவசம் போடுங்கள்.

ஒரு கோவையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: சைக்கிள் உங்களுடையது என்று காட்டும் பில் அல்லது கப்பல் பொதியின் பட்டியல், சைக்கிளின் சட்டத்தில் (பிரேமில்) அடித்திருக்கும் இலக்கத்தின் படம், கிற்றின் பில், பணம் கட்டிய ரசீது, பற்றரியின் உத்தரவாதக் கடதாசி, அடையாள அட்டைப் பிரதி. வீதியில் மறித்துக் கேட்டாலும் பொதி எடுக்கப் போனாலும் இந்தக் கோவைதான் பேசும்.

வெளிநாட்டு விற்பனையாளர் சிலர் தாங்களாகவே பில்லில் விலையைக் குறைத்து எழுதுவார்கள். அதற்கு உடன்படாதீர்கள். நீங்கள் கட்டிய தொகை ஒன்று, பில் சொல்வது வேறொன்று என்றால் சுங்கத்தில் பொதி கிடக்கும், நீங்கள் கொழும்புக்கு அலைவீர்கள்.

4. பற்றரி: பாதிக் காசு இங்கேதான் போகும்

முதலில் ஒரு ஆசையை உடைத்துவிடுகிறேன். "லண்டனில இருந்து சித்தப்பா வரேக்க பெட்டிக்குள்ள போட்டுக்கொண்டு வருவார்" என்று நானும் நினைத்தேன். முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாற்-மணி (வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்கிய அளவு) வரையான லித்தியம் பற்றரிக்குத் தடையில்லை, 160 வரை விமான நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேல் பயணப் பொதியில் இடமே இல்லை. 48 வோல்ற், 13 அம்பியர்-மணிப் பற்றரி 624 வாற்-மணி. சித்தப்பாவை விமான நிலையத்தில் மாட்டிவிடாதீர்கள். நாட்டுக்குள் உத்தரவாதத்தோடு வாங்குங்கள், அல்லது கடல்வழி அனுப்பும் விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

624 வாற்-மணி எவ்வளவு தூரம் ஓடும்? தடித்த ரயர் கரண்டைத் தின்னும். மிதிக்காமல் முறுக்கிக்கொண்டு மட்டும் போனால் கிலோமீற்றருக்கு 15 முதல் 20 வாற்-மணி என்று வையுங்கள். அப்படியென்றால் 30 முதல் 40 கிலோமீற்றர். கூட மிதித்தால் இன்னும் கூடும். "80 கிலோமீற்றர்" என்று பெட்டியில் எழுதியிருப்பது மெல்லிய ரயரில், காற்றில்லாத நாளில், ஒல்லியான ஆளுக்கு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மோட்டருக்குக் கரண்டை அளந்துவிடும் கொன்ட்ரோலர் எத்தனை அம்பியர் இழுக்கும் என்பதும் பற்றரியின் பாதுகாப்புப் பலகை எத்தனை தரும் என்பதும். கொன்ட்ரோலர் 22 என்றால் பற்றரி 30 தர வேண்டும். குறைந்தால் எதிர்க்காற்றில் நடுவழியில் அணைந்துவிடும். இரண்டு, தராசு. 13 அம்பியர்-மணிப் பற்றரிக்குள் சுருட்டு மாதிரியான சிறிய செல் அநேகமாக 65 இருக்கும், ஒன்று 45 கிராமுக்கு மேல். கூட்டிப் பாருங்கள், கோதோடு நாலு கிலோவரை வர வேண்டும். 20 அம்பியர்-மணி என்று ஒட்டியிருந்து தராசில் இரண்டரைக் கிலோ காட்டினால், ஒட்டியவர் பொய் சொல்கிறார்.

ஈயப் பற்றரி நாலு வாங்கிக் கட்டலாம், விலை குறைவு. ஆனால் 16 கிலோ பாரம், ஆயுளும் குறைவு. சைக்கிளுக்கு வேண்டாம்.

இந்த வளைந்த பார்களில் போத்தல் வடிவப் பற்றரி நேராக உட்காராது. நான் பின் கரியருக்குப் போனேன். நாலு அங்குல ரயருக்கு மேல் நிற்கக்கூடிய அகலக் கரியர் கடையில் இல்லை, வெல்டிங் பட்டறையில் அடித்தேன். சட்டம் அலுமினியமாக இருந்தால் ஒட்டச் சொல்லாதீர்கள், யூ வடிவக் கிளிப் போட்டு நட்டால் இறுக்குங்கள்.

5. செலவு, காலம்

இது என் கணக்கு. விலைகள் டொலரோடு ஏறி இறங்கும், விகிதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்சில்லு மோட்டர், கொன்ட்ரோலர், வேகம் காட்டும் திரை, முறுக்குப் பிடி எல்லாம் சேர்ந்த கிற், அனுப்பும் செலவோடு: 72,000 ரூபா
பற்றரியும் சார்ஜரும்: 95,000
முன் டிஸ்க் பிரேக்: 6,500
அச்சுப் பிடிப் பட்டை (7ஆம் பகுதியில் விளக்கம்) இரண்டு, லேத் கூலியோடு: 3,000
கரியர்: 4,500
பியூஸ், கனெக்டர்: 1,200
கட்டுநாடா, வயர் உறை, சில்லறை: 1,500
மேலதிக ரியூப் இரண்டு: 5,000

மொத்தம் 188,700. பிழையாக வாங்கியதைச் சேர்க்கவில்லை, மனைவியும் இதைப் படிப்பார்.

பொதி வர எனக்கு ஒன்பது கிழமை. பூட்டும் வேலை நிதானமாகச் செய்தால் இரண்டு நாள். ஆனி, ஆடியில் பொதி கையில் இருக்கிற மாதிரிப் பாருங்கள். நான் ஐப்பசி மழையில் தாழ்வாரத்தில் குந்தியிருந்து பூட்டினேன், ஈரக்கையால் வயர் பூட்டுவது வேலையல்ல.

6. மோட்டருக்கு முன் பிரேக்

சைக்கிள், பற்றரி, நீங்கள், கரியரில் ஒரு அரிசிப் பை. இதையெல்லாம் மணிக்கு 25 கிலோமீற்றரிலிருந்து பின்மிதி பிரேக் ஒன்று மட்டும் நிறுத்தாது. நாய் குறுக்கே வந்தபோது அறிந்தேன். போர்க்கில் டிஸ்க் பிரேக்குக்கான இரண்டு துளைக் காது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முன்னுக்கு டிஸ்க் போடுங்கள். கிற்றோடு வரும் பிரேக் பிடியில் ஒரு மெல்லிய வயர் இருக்கும், பிடித்தவுடன் மோட்டரை அணைக்கும். அந்தப் பிடியையே பாவியுங்கள். பின்மிதி பிரேக்குக்கு அப்படி வயர் கிடையாது. முறுக்கைப் பிடித்தபடி பின்னால் மிதித்தால் மோட்டர் ஒரு பக்கம் இழுக்க, பிரேக் மறுபக்கம் இழுக்கும்.

7. சில்லைப் பூட்டுதல்

ரயரையும் ரியூபையும் பழைய றிம்மிலிருந்து கழற்றி மோட்டர் றிம்மில் போடுங்கள். ரியூப் முறுகாமல் பாருங்கள்.

போர்க்கின் வாயை அராவும்போது பக்கங்களை மட்டும், இரண்டு பக்கமும் சமமாக. மேலே ஆழமாக்கினால் சில்லு சரிந்து நிற்கும். நாலு தடவை அராவி ஒரு தடவை போட்டுப் பாருங்கள். டிஸ்க் இடப்பக்கம் வர வேண்டும்.

அடுத்து அச்சுப் பிடிப் பட்டை. டோர்க் ஆர்ம் என்று விற்பார்கள். மோட்டர் சில்லை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் சுழலப் பார்க்கும். அதைப் போர்க்கோடு சேர்த்துப் பிடிப்பது இந்த இரும்புத் துண்டுதான். என் கிற்றில் அது வரவில்லை. நட்டை நன்றாக இறுக்கினால் போதும் என்று விட்டேன். மூன்றாம் நாள் குளக்கட்டு ஏற்றத்தில் "டக்" என்று ஒரு சத்தம். அச்சு வாய்க்குள் சுழன்று, வெளியே வரும் வயரைக் கயிறு மாதிரி முறுக்கிப் பிய்த்துவிட்டது. நல்ல காலம், சில்லு கழரவில்லை. ஐந்து கிலோமீற்றர் உருட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பது வயரையும் உரித்து ஈயம் வைத்து ஒட்ட ஒரு முழுநாள் போனது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை போடுங்கள். லேத்தில் ஆறு மில்லிமீற்றர் இரும்பில் அடித்துத் தருவார்கள். ஓடிய முதல் 20 கிலோமீற்றருக்குப் பிறகு நட்டை மறுபடி இறுக்குங்கள்.

8. வயர்

பயப்படத் தேவையில்லை, ஒரே நிறம் ஒரே நிறத்துக்கு. மோட்டரிலிருந்து வரும் தடித்த கனெக்டரில் அம்புக்குறி இருக்கும். அம்பும் அம்பும் நேருக்கு நேர் வைத்து நேராகத் தள்ளுங்கள். திருகித் தள்ளினால் உள்ளே ஊசி வளையும், வளைந்தது தெரியாது, மோட்டர் மட்டும் விக்கி விக்கி ஓடும்.

நீங்கள் மிதிப்பதைச் சென்சர் அறிய, பெடல் அச்சில் காந்தத் தட்டுப் போட வேண்டும். சென்சருக்கும் தட்டுக்கும் இடையில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் போதும். தட்டில் உள்ள அம்பு பெடல் சுற்றும் திசையில் இருக்கட்டும். மறுபுறம் போட்டால் மிதிக்க மிதிக்க ஒன்றும் நடக்காது, பழுது என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றுவீர்கள். நான் கழற்றினேன்.

எல்லா வயரும் கனெக்டருக்கு முன் ஒரு தொய்வு தொங்கட்டும். மழைநீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிப் போகும், கனெக்டருக்குள் ஏறாது. கொன்ட்ரோலர் பெட்டியைச் சிலிக்கன் வைத்து முழுதாக அடைக்காதீர்கள். மேல் பக்கத்தை மூடி, அடியில் ஒரு துளை விடுங்கள். உள்ளே வேர்க்கிற ஈரம் எங்காவது போகத்தானே வேண்டும். பற்றரியின் நேர் வயரில் 30 அம்பியர் பியூஸ். பற்றரியை எல்லாவற்றுக்கும் கடைசியில் பூட்டுங்கள்.

9. முதல் ஓட்டம்

முன்சில்லைத் தூக்கி நிறுத்தி, ஆளை விலக்கி, மெல்ல முறுக்குங்கள். பிரேக் பிடித்தவுடன் மோட்டர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் வீதிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

திரையில் சில்லின் அளவு கேட்கும். 26 என்று போடாதீர்கள். நாலு அங்குல ரயரோடு சில்லின் முழு விட்டம் கிட்டத்தட்ட 29 அங்குலம். 26 போட்டால் நீங்கள் 25 இல் ஓட, திரை 22 என்று சொல்லும். ரயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு முற்றத்தில் ஒரு சுற்று உருட்டி அளந்தேன், 2.3 மீற்றர் வந்தது. வேக வரம்பையும் திரையிலேயே வைக்கலாம். என்னுடையது 25.

காற்றுக்கு வருவோம். ரயரின் பக்கத்தில் உச்ச அழுத்தம் அடித்திருக்கும், அநேகமாக 20 முதல் 30 பி.எஸ்.ஐ.க்குள். தார் வீதிக்கு 20 போதும், மணலுக்கு 10. வீதியோரக் கொம்பிரசரில் பெடியன் மோட்டர்சைக்கிள் என்று நினைத்து 35 அடித்துவிடுவான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

10. சார்ஜ், மழை, இடி

48 வோல்ற் பற்றரி முழுதாக நிரம்பினால் 54.6 வோல்ற் காட்டும். 2 அம்பியர் சார்ஜரில் வெறுமையிலிருந்து நிரம்ப ஏழு மணித்தியாலம். கரண்ட் முக்கால் யூனிட் அளவு. பெற்றோலோடு ஒப்பிட்டால் கணக்கு வைக்கவே தேவையில்லை. வேறு சார்ஜர் செருகினால் பொருந்துகிறது என்று பாவிக்காதீர்கள். செருகி பொருந்தும், வோல்ற் பொருந்தாது.

கிடுகுக் கூரைக்குக் கீழே, வைக்கோல் பக்கத்தில், படுக்கிற அறையில் சார்ஜ் போட வேண்டாம். சீமெந்து நிலத்தில், ஆள் விழித்திருக்கிற நேரத்தில் போடுங்கள். வெயிலில் ஓடி வந்தவுடன் பற்றரி சுடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டுச் செருகுங்கள். ஐப்பசி இடி தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு கிழமை ஓடாமல் விடுவதென்றால் பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள்.

மழையில் ஓடலாம். வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும்போது மோட்டர் அச்சு மூழ்கும் அளவு தண்ணீருக்குள் இறக்க வேண்டாம்.

11. பஞ்சர்

26 x 4.0 ரியூப் எங்கள் பக்கத்துக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. மேலே செலவில் இரண்டு ரியூப் எழுதியது அதற்குத்தான். முன்சில்லில் ஆணி ஏறினால் சைக்கிள் கடைப் பெடியன் வயரைக் கண்டு கை வைக்க மாட்டான். நட்டுக்குச் சரியான சாவி ஒன்றைப் பைக்குள் வைத்திருங்கள். கனெக்டரைத் திருகாமல் நேராக இழுத்துக் கழற்றி, பட்டைகளை எடுத்து, சில்லை அவனிடம் கொடுங்கள். கழற்றும் முன் வாசர் எந்த வரிசையில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.